கடைமடைக்கு வராத கரண்டு

சிவன்மலை அடிவாரத்தில், மண்டபத்து வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு மச்சான் டிக்கிக் கதவின் பட்டனை அழுத்தினார். உள்ளேயிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம். கதவு அசையவில்லை. மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதே ‘டிக்’. டிக்கிக்குள் தாய்மாமன் சீர், 21 தட்டு. மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டே நிற்கிறார்கள். ஒறம்பரை மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது. கடைசியில் பின் சீட்டை மடக்கி, அந்தச் சந்து வழியாகத் தேங்காய்த் தட்டு, பழத் தட்டு, குழந்தையின் பட்டுப்பாவாடை வைத்த தட்டு என்று ஒவ்வொன்றாக இழுத்து வெளியே எடுத்தோம். "மொதச் சீரு சாமி, இப்படியா சந்துல இழுத்துக் குடுக்கோணும்?" என்று அத்தை கண் கலங்கிவிட்டார்.

விருந்து முடிந்து இலை எடுத்த பிறகு மச்சான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாப்ள, இந்தச் சுவிட்ச மாத்தி ரெண்டு மாசங்கூட ஆகலீங்க." அது இரண்டாவது சுவிட்ச். முதல் தடவை ஒரு ஒர்க்‌ஷாப்பில் மாற்றினார்கள். நாலு வாரம் நன்றாகத் திறந்தது, அப்புறம் பழையபடி ஆகிவிட்டது. அதே இடத்தில் இன்னொரு சுவிட்ச் போட்டார்கள். இரண்டுக்கும் சேர்த்து 9,000 ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது. மூன்றாவது தடவை எழுதிக் கொடுத்த சீட்டில், டிக்கி மாட்யூலையே மாற்ற வேண்டும் என்று இருந்தது.

"எதையும் வாங்காதீங்க மச்சான். ஞாயித்துக்கெழம வண்டியத் தோட்டத்துக்குக் கொண்டாங்க" என்றேன்.

நான் கார் மெக்கானிக் இல்லை. பல்லடம் பக்கம் ஒரு தறிப் பட்டறையில் 18 வருடமாக எலக்ட்ரீசியன். ஆனால் என் பிழைப்பே சுவிட்ச்சோடுதான். தறியில் பாவு நூல் ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய தகடு தொங்கும். நூல் அறுந்தால் தகடு கீழே உள்ள கான்டாக்ட் பட்டையில் விழும், சர்க்யூட் கூடும், தறி நின்றுவிடும். பட்டையில் பஞ்சு படிந்துவிட்டால், தகடு விழுந்தும் தறி நிற்காது, துணி பாழாகும். ஒரு சின்னத் தொடுகை நடந்ததா, நடந்த செய்தி போய்ச் சேர்ந்ததா, சேர்ந்த பிறகு வேலை நடந்ததா என்று மூன்றாகப் பிரித்துப் பார்ப்பதுதான் என் தினசரி வேலை. மச்சானின் டிக்கியிலும் நான் பார்த்தது இந்த மூன்றைத்தான்.

மின்சார டிக்கி உள்ள வண்டிகளில் திறக்கச் சொல்வதற்குப் பல இடம் இருக்கிறது. டிரைவர் பக்கத்தில் ஒரு பட்டன், சாவியில் ஒன்று, நம்பர் பிளேட்டுக்கு மேலே ரப்பர் மூடிய ஒன்று. மூடுவதற்குக் கதவின் அடி விளிம்பில் ஒன்று. இவை எதுவும் மோட்டாருக்கான கரண்டைச் சுமப்பதில்லை. நம் மோட்டார் ரூம் ஸ்டார்ட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சைப் பட்டனை அழுத்தினால் உள்ளே இருக்கும் காயிலுக்குக் கரண்டு போகிறது. காயில் கான்டாக்டை இழுக்கிறது. மோட்டாரின் முழுச் சுமையும் அந்தக் கான்டாக்ட் வழியாகத்தான். டிக்கியில் காயில் இருக்கும் இடத்தில் மாட்யூல் என்ற சின்னக் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் மாட்யூல் ஒரு ஒயரில் 5 அல்லது 12 வோல்ட் கொடுத்து வைத்திருக்கும். பட்டனை அழுத்தினால் அந்த ஒயர் எர்த்தோடு, அதாவது பேட்டரி நெகடிவுக்குத் திரும்பும் வழியோடு, சேர்ந்து வோல்ட் பூஜ்யத்துக்கு இறங்கும். இறங்கியதும் ‘யாரோ திறக்கச் சொல்கிறார்கள்’ என்று மாட்யூல் புரிந்துகொள்ளும். ஒரே ஒயரில் இரண்டு மூன்று பட்டன்களை வேறுவேறு ரெசிஸ்டர் போட்டு அடையாளம் காண்கிற வண்டிகளும் உண்டு.

செய்தி வந்த பிறகும் மாட்யூல் உடனே திறந்துவிடாது. கியர் பார்க்கில் இருக்கிறதா, வண்டி நிற்கிறதா, லாக் எடுத்திருக்கிறதா, பேட்டரியில் தெம்பு இருக்கிறதா என்று பார்க்கும். தோட்டத்து மோட்டாரிலும் இதே கதைதான். மூன்று பேஸில் ஒன்று இல்லாவிட்டால் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் என்ற காவல் கருவி மோட்டாரை எடுக்க விடாது. அந்த நேரத்தில் எந்த விவசாயியும் பச்சைப் பட்டனைக் கழற்றி மாற்றுவதில்லை. லைனைத்தான் பார்ப்பார். சில வண்டிகளில் மின்சார டிக்கியையே நிறுத்தி வைக்கும் சுவிட்ச் ஒன்று, டேஷ்போர்டு பெட்டிக்குள்ளேயோ டிக்கிக் கதவிலேயோ இருக்கும். பெட்டியில் சாமான் திணிக்கும்போது தெரியாமல் அமுங்கியிருக்கும். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் அந்த ரெண்டு பக்கத்தைப் படித்துவிட்டு ஸ்குரூ டிரைவரைத் தொடுவது நல்லது.

ஞாயிறு காலை மச்சான் வந்தார். வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். முதல் அரை மணி நேரம் நான் எதையும் கழற்றவில்லை. எல்லாப் பட்டனையும் மாற்றி மாற்றி அழுத்திக் கவனித்தேன். சாவியில் அழுத்தினாலும் ‘டிக்’. டேஷ்போர்டில் அழுத்தினாலும் ‘டிக்’. வெளிப் பட்டனிலும் ‘டிக்’.

இங்கேயே பாதி வேலை முடிந்துவிட்டது. ஒரே ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யாமல் மற்றவை செய்தால், அந்தப் பட்டனையோ அதன் ஒயரையோ சந்தேகப்படலாம். மூன்றும் ஒரே மாதிரி தவறினால், மூன்றுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு. அதைவிட முக்கியம் அந்தச் சத்தம். ‘டிக்’ என்பது லாக்கில் இருக்கும் சின்ன மோட்டார் அசைய முயற்சி செய்யும் சத்தம். பட்டன் சொன்னது மாட்யூலுக்குக் கேட்டிருக்கிறது, மாட்யூலும் சம்மதித்து லாக்குக்குக் கரண்டு விட்டிருக்கிறது, லாக் மோட்டாருக்குத்தான் இழுக்கத் தெம்பு இல்லை. இரண்டு சுவிட்ச் மாற்றிய ஆட்கள் இந்தச் சத்தத்தைக் காதில் வாங்கியிருந்தால், முதல் சுவிட்ச்சையே கழற்றியிருக்க மாட்டார்கள். அத்தையின் முகம் எனக்கு நினைவு வந்தது. கோபமும் வந்தது.

"ராத்திரில வேற ஏதாச்சும் வித்தியாசமாத் தெரிஞ்சுதுங்களா?" என்று கேட்டேன். மச்சான் யோசித்துச் சொன்னார். "பட்டன அமுக்கறப்ப நம்பர் பிளேட் லைட்டு மங்கிப் போகுதுங்க. ரிவர்ஸ் கேமராவும் சில நேரம் வெட்டி வெட்டி வருது. அது வேறன்னு நெனச்சு நாஞ் சொல்லலீங்க."

அது வேறு இல்லை. நம்பர் பிளேட் லைட், கேமரா, லாக் மோட்டார் எல்லாம் டிக்கிக் கதவில் இருப்பவை. கதவுக்குள் போகிற ஒயர்கள் எல்லாம் கூரை விளிம்பிலிருந்து கீல் பக்கத்தில், இடதும் வலதுமாக உள்ள சுருள் ரப்பர் குழாய்கள் வழியாகப் போகின்றன. கதவு ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் அந்த இடத்தில் ஒயர்கள் மடங்கி நிமிர்கின்றன. சில வருடம் இப்படி மடங்கினால், உறை நன்றாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வரும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சரி, நிரூபிக்க வேண்டுமே. பின் சீட் வழியாக உள்ளே போய், கதவின் உள்பக்கத்தில் சின்ன மூடிக்குப் பின்னால் இருக்கும் அவசரக் கொக்கியைத் தள்ளிக் கதவைத் திறந்தேன். பல வண்டிகளில் இது இருக்கிறது. டிக்கிக்குள் சாமான் மாட்டிக்கொள்வதற்கு முன்னால் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் டிரிம்மை எடுத்து, லாக்கின் கொக்கியை ஸ்குரூ டிரைவரால் தள்ளி ‘மூடிய’ நிலைக்குக் கொண்டுவந்தேன். இப்போது கதவு மேலே திறந்திருக்கும்போதே பட்டனை அழுத்தி, லாக் விடுபடுகிறதா என்று பார்க்கலாம்.

பத்துத் தடவை அழுத்தினேன். பத்துத் தடவையும் சுத்தமாக விடுபட்டது. மச்சான் முகம் வாடிவிட்டது. கோளாறு இருக்கும்போது இருக்கிறது, தேடும்போது இல்லை என்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் எனக்கு அதுவே சாட்சி. கதவு முழுக்க மேலே இருக்கும்போது குழாய்க்குள் ஒயர் ஒரு விதமாக நிற்கிறது, மூடியிருக்கும்போது வேறு விதமாக நிற்கிறது. மச்சானை மெதுவாகக் கதவை இறக்கச் சொன்னேன். பாதிக்குக் கீழே வந்ததும் பட்டனை அழுத்தினால் ‘டிக்’. கொஞ்சம் தூக்கினால் சரியாக வேலை செய்கிறது. இறக்கினால் மறுபடி ‘டிக்’.

முதல் சுவிட்ச் மாற்றியதும் நாலு வாரம் நன்றாக இருந்ததன் காரணமும் எனக்கு அப்போது விளங்கியது. டிரிம்மைக் கழற்றி மாட்டும்போது ஒயரை இழுத்து அசைத்திருப்பார்கள். அறுந்த முனைகள் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டன. புது சுவிட்ச்சால் சரியானது போல எல்லோருக்கும் தோன்றிவிட்டது.

அடுத்தது மீட்டர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல ஆட்களும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். லாக்கில் ஒயர்கள் வந்து சேரும் பிளக்கான கப்ளரைக் கழற்றி, பவர் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்து மச்சானைப் பட்டன் அழுத்தச் சொன்னேன். கதவு பாதி இறங்கியிருந்த, கோளாறு தெரிகிற நிலையிலேயே 12.4 வோல்ட் காட்டியது. ‘கரண்டு நன்றாக வருகிறது, லாக்தான் கெட்டுவிட்டது’ என்று முடிவு கட்ட இது போதும். அது தப்பான முடிவு. மல்டிமீட்டர் கரண்டு என்று எதையும் இழுப்பதே இல்லை எனலாம். ஒற்றைச் செம்பு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் அது முழு வோல்ட்டைக் காட்டிவிடும். அதே இரண்டு பின்னில் ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை மாட்டினேன். அது ஏறக்குறைய 1.75 ஆம்பியர் கேட்கும். பல்பு செம்மண் நிறத்தில் மினுங்கி அடங்கியது.

எங்கள் தோட்டம் சிவகிரிக்குத் தெற்கே, கீழ்பவானிப் பாசனத்தின் கடைசிப் பக்கம். வாய்க்கால் 200 கிலோமீட்டர் நீளம், பாசனம் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். பவானிசாகரில் மதகைத் திறந்த செய்தி பேப்பரில் வந்து, அப்புறம் எத்தனையோ நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தண்ணீர். முறை வந்தும் தண்ணீர் வராவிட்டால் அய்யன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கொப்பு வாய்க்கால் மேலே நடப்பார், நானும் பின்னாலேயே ஓடுவேன். ஒருநாள் வாய்க்காலில் ஈரத்தைக் காட்டி, "தண்ணி வந்துருச்சுங்கய்யா" என்று கத்தினேன். அய்யன் சொன்னார், "ஈரத்தப் பாத்து நம்பாத கண்ணு. மடையத் தொறந்து வுட்டுப் பாரு, பாத்தி நெம்புதான்னு." மீட்டரில் தெரியும் 12 வோல்ட் அந்த ஈரம்தான். பல்பை மாட்டுவது மடையைத் திறந்துவிடுவது. ஒரு காரில் பேட்டரி முன்னால் இருந்தால் டிக்கிதான் கடைமடை. தலைமடையில் என்ன இருக்கிறது என்பதைவிட, இழுக்கும்போது கடைசியில் எவ்வளவு வந்து சேர்கிறது என்பதுதான் கணக்கு.

இனி எந்தப் பக்கத்தில் அடைப்பு என்று பார்க்க வேண்டும், பவர் வரும் ஒயரிலா, எர்த்துக்குத் திரும்பும் ஒயரிலா. கப்ளரை மறுபடி மாட்டி, பின்பக்கமாக ஊசி நுழைத்து, லாக்கின் எர்த் பின்னில் மீட்டரின் ஒரு முனையை வைத்தேன். இன்னொரு முனையை நீளமான ஒயர் போட்டுப் பேட்டரியின் நெகடிவில் கொடுத்தேன். நல்ல எர்த்தாக இருந்தால், லாக் மோட்டார் இழுக்கும்போதும் இரண்டுக்கும் நடுவே 0.1, 0.2 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. பட்டன் அழுத்தாதபோது 0.03. அழுத்தியதும் 5.8. பேட்டரியில் இருப்பதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, எர்த் ஒயரிலேயே தீர்ந்துபோகிறது. நம்பர் பிளேட் லைட் மங்கியதும் கேமரா வெட்டியதும் இதனால்தான். மூன்றும் ஒரே எர்த்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன.

இடதுபக்க ரப்பர் குழாயை இரண்டு முனையிலும் விடுவித்துப் பின்னுக்குத் தள்ளினேன். இங்கே ஒரு எச்சரிக்கை. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டிகளில், கூரை ஓரத்துத் துணிக்குப் பின்னால் அதன் பாகங்கள் பின் தூண் வரைக்கும் கூட இருக்கும். மஞ்சள் நிறக் கப்ளர் கண்ணில் பட்டால் அதில் மீட்டரோ டெஸ்ட் லைட்டோ வைக்கவே கூடாது. பேட்டரியைக் கழற்றிப் புத்தகத்தில் சொன்ன நேரம் காத்திருந்துவிட்டு அந்தப் பக்கம் கை வையுங்கள்.

குழாய்க்குள் பழுப்பு நிற ஒயர் ஒன்று, உறை விரிசல் விட்டு, உள்ளே கறுத்துப் பச்சை பிடித்து, இரண்டு மூன்று இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் மெதுவாக இழுத்தேன், உறை ரப்பர் மாதிரி நீண்டது. உள்ளே செம்பு முழுசாக இருந்தால் உறை நீளாது. பக்கத்திலேயே இன்னொரு ஒயரும் அரைவாசி அறுந்திருந்தது. மச்சான் அதைக் கையில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்காங்க மாப்ள அத்தன செலவு?"

ஒயரை ஒட்டுப்போடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. அறுந்த இடத்திலேயே ஈயம் வைத்தால் ஈயம் இழைகளுக்குள் ஊறிக் குச்சி போல விறைத்துவிடும். அந்த விறைப்பின் ஓரத்தில், மடங்கும் இடத்தில், சில மாதத்தில் மறுபடி அறும். அதனால் குழாய்க்கு அக்கட்டயும் இக்கட்டயும், ஒயர் அசையாத இடத்தில் ஒட்டு வர வேண்டும். நடுவே மடங்கும் தூரம் முழுக்க, நிறைய மெல்லிய இழை கொண்ட, சிலிக்கான் உறை போட்ட புது ஒயர். இரண்டு ஒயரின் ஒட்டும் ஒரே இடத்தில் வராமல் முன்னும் பின்னுமாகத் தள்ளிப் போட்டேன். இது எனக்குப் போர்வெல்லில் மோட்டார் இறக்குகிறவர் கற்றுக்கொடுத்தது. 800 அடி ஆழத்துத் தண்ணீருக்குள் கிடக்கும் கேபிளுக்கு ஒட்டுப்போடும்போது மூன்று ஒயரையும் ஒரே இடத்தில் ஒட்டினால் புடைத்துப் போகும், ஒன்றில் தண்ணீர் ஏறினால் மூன்றும் போகும் என்பார். உள்ளே பசை உள்ள சுருங்கும் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினேன். கதவு முழுக்க ஏறினாலும் இழுபடாத அளவுக்குக் கொஞ்சம் தளர்வு விட்டேன்.

மறுபடி அதே சோதனை. கதவு பாதி இறங்கிய நிலையில் 5.8 இருந்த இடத்தில் 0.06. கதவை மூடி, மச்சானை வெளிப் பட்டனை அழுத்தச் சொன்னேன். ‘டிக்’ இல்லை. ‘டக்’ என்று முழுதாக விடுபட்டு, கதவு தானாக மேலே போனது.

இதைப் படித்துவிட்டு சுவிட்ச் கெடவே கெடாது என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பட்டறை மேஸ்திரியின் காரில் கெட்டது. பிரஷர் வாட்டர் சர்வீஸ் செய்த இரண்டு நாளில், ராத்திரி போர்ட்டிகோவில் நின்ற வண்டியின் டிக்கி தானாகத் திறந்துகொண்டது. ரப்பர் மூடிக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. கப்ளரைக் கழற்றிச் சுவிட்ச்சை மட்டும் மீட்டரில் பார்த்தேன். சாதாரண சுவிட்ச், அழுத்தாதபோது இணைப்பே இருக்கக் கூடாது. இதில் 340 ஓம் காட்டியது, அழுத்தினால் எண் நிலையில்லாமல் ஆடியது. நல்ல சுவிட்ச் அழுத்தினால் ஒரு ஓமுக்குக் கீழே வந்து அசையாமல் நிற்கும். அங்கே சுவிட்ச்சை மாற்றித்தான் ஆக வேண்டும், மாற்றினோம். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் கையில் இருந்தால் இன்னும் எளிது. பதிவான கோளாறு எண்ணை மட்டும் படித்துவிட்டு மூடாமல், அந்த நேரத்து நிலையைக் காட்டும் லைவ் டேட்டாவைத் திறந்து, பட்டனை அழுத்தும்போது நிலை மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் சுவிட்ச்சும் அதன் ஒயரும் நல்லபடி இருக்கின்றன.

லாக்குக்குள்ளேயே இருக்கும் சின்ன சுவிட்ச் இன்னொரு வகை. கதவு மூடியதா இல்லையா என்று சொல்வது அதன் வேலை. அது பொய் சொன்னால், மூடிய பிறகும் டேஷ்போர்டில் டிக்கி திறந்த படம் எரியும், சில வண்டிகளில் உள்விளக்கு அணையாமல் காலையில் பேட்டரி படுத்திருக்கும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கதவின் இரண்டு ஓரத்திலும் நீளமான ரப்பர் பட்டை இருக்கும் வண்டிகள் உண்டு. மூடும்போது ஏதாவது நசுங்கினால் உணர்ந்து கதவைத் திருப்பி அனுப்புவது அதுதான். அதன் ஒயர் அறுந்தால் கதவு தானாக மூட மறுக்கும். அப்போது ஒரு ரெசிஸ்டரைச் சொருகி மாட்யூலை ஏமாற்றிவிடலாம் என்று சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். டிக்கி ஓரத்தில் கை வைத்து நிற்பது பெரும்பாலும் குழந்தைகள். சரி செய்த பிறகும் கையை வைத்துச் சோதிக்காதீர்கள். சுருட்டிய துண்டை வையுங்கள், கதவு திரும்புகிறதா என்று பாருங்கள்.

கழற்றிய பழைய சுவிட்ச் இரண்டையும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டு வாங்கி மச்சான் டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தார். வேலை முடிந்து டீ குடிக்கும்போது இரண்டையும் மீட்டரில் வைத்து அழுத்திப் பார்த்தேன். ஒன்று 0.2 ஓம், இன்னொன்று 0.3. பேப்பரில் சுற்றி அவரிடமே கொடுத்தேன்.

இடதுபக்கக் குழாயை மட்டும்தான் அன்று பிரித்தேன். வலதுபக்கக் குழாயில் பின் கண்ணாடி வைப்பரின் ஒயர்களும் தண்ணீர் பீச்சும் டியூபும் போகின்றன. அதற்கும் அதே வயது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருநாள் வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.